குஞ்சம்மாளுக்கு வக்கீல்

ஜூலை 20, ஞாயிறு. ஆடி 4.

வந்திருந்தவர்கள்: நூலகர் பிலோமினா, ரிட்டயரான வசந்தகோகிலம் டீச்சர், தையல்கடை ஜரினா, அகிலாண்டமாகிய நான், என் மகள் சிவரஞ்சனி. ஆக ஐந்து பேர். மேகலா வரவில்லை. மாமியாருக்குக் கண் ஆபரேஷனாம். டீயும் முறுக்கும் இந்த வாரம் என் செலவு.

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாதம் ஒரு நாவல் எடுப்போம். அதில் வரும் ஆட்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்குவோம். யாருக்கு எந்தச் சீட்டு வருகிறதோ அந்த ஆளுக்கு அந்த மாதம் முழுக்க அவர்தான் வக்கீல். தன் கட்சிக்காரரைத் தானே திட்டக் கூடாது. புத்தகத்தில் இருப்பதை வைத்துத்தான் வாதாட வேண்டும், இல்லாததைச் சேர்க்கக் கூடாது. இதுவரை யாரும் சீட்டைத் திருப்பிக் கொடுத்ததில்லை. போன மாதம் ஒரு வட்டிக்காரனுக்கு வாதாடி, ஜரினா எங்களை அழ வைத்துவிட்டாள்.

இந்த மாத நாவல் ‘ஏழாம் நம்பர் குவார்ட்டர்ஸ்’. அறுபது வருடத்துக்கு முந்திய கதை. சதாசிவம் என்று ஒரு ரயில்வே கார்டு. டூட்டிக்குப் போகும்போது புதுப் பெண்டாட்டி பத்மாவதியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவான். அவள் ஆடிக்குத் தாய்வீடு வருகிறாள். ஆடி முடிந்ததும் அவள் அம்மா குஞ்சம்மாள் அவளைத் திருப்பி அனுப்பிவிடுகிறாள். அதற்குப் பிறகு நடப்பது நல்லதல்ல.

எனக்குக் குஞ்சம்மாள் வந்தாள். டீச்சருக்குப் பத்மாவதியின் மாமியார். ஜரினாவுக்கு எல்லாச் சத்தத்தையும் கேட்டும் வாயைத் திறக்காத எட்டாம் நம்பர்க்காரி. பத்மாவதியை பிலோமினா எடுத்துக்கொண்டாள். மேகலாவுக்கு வைத்திருந்த சீட்டை ரஞ்சனி பிரித்தாள். சதாசிவம்.

“ஐயையோ, பாவம் கல்யாணமாகி ஆறு மாசம்கூட ஆகல, இவகிட்ட போயி அந்தாளக் குடுக்கறதா? எங்கிட்ட மாத்திக்கம்மா” என்றாள் ஜரினா.

“வேணாம்க்கா. எனக்கு இதுதான் சுலபம்” என்றாள் ரஞ்சனி.

அவள் வருவதாகவே இல்லை. மத்தியானம் சாப்பிடும்போது கதையைச் சொன்னேன். கையைக் கழுவிவிட்டு, நானும் வர்றேம்மா என்று செருப்பை மாட்டினாள். பெண் கூட வந்ததில் எனக்குச் சந்தோஷம். ஆவணி ஒன்றாம் தேதி சம்பந்தி வீட்டார் வந்து அழைத்துப் போவதாகப் பேச்சு. அதுவரைக்கும் வீடு நிறைந்திருக்கும்.

ஜூலை 22, செவ்வாய்.

அம்மனுக்கு எலுமிச்சை விளக்கு. ரஞ்சனிக்குப் பிடிக்குமென்று வாழைப்பூ வடை. இரண்டுதான் சாப்பிட்டாள்.

மாப்பிள்ளை ஓசூரிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை வீடியோவில் கூப்பிடுகிறார். ரஞ்சனி போனைத் தூக்கிக்கொண்டு ஹால், அடுப்படி, கொல்லை, மாடிப்படி என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறாள். “அந்த ஸ்டூலு யாருக்குப் போட்டுருக்கு?” என்று அவர் கேட்பது அடுப்படி வரை கேட்டது. நான்தான் பரணிலிருந்து அண்டா எடுக்கப் போட்டிருந்தேன். நம் வீட்டின்மேல் அவருக்கு இவ்வளவு அக்கறை. எல்லா மாப்பிள்ளைக்கும் வராது.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை.

இவர் காலையிலேயே காவிரிக்குப் போய்த் தர்ப்பணம் கொடுத்துவிட்டு மண்டிக்குப் போய்விட்டார். அமாவாசையென்று வாழை இலைக்கு நல்ல கிராக்கியாம். நாலு காய் போட்டுச் சாம்பார், வெண்டைக்காய்ப் பச்சடி, பாயசம். காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டோம்.

சாப்பாட்டுக்குப் பிறகு குஞ்சம்மாளுக்குக் கணக்குப் போட்டேன். நான் எட்டாவதோடு நின்றவள். டீச்சரைப் போல மையக்கருத்து, சமூகச் சூழல் என்று பிரித்துப் படிக்க வராது. ஒவ்வொரு ஆளுக்கும் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதுவேன். அவளுக்கு உலகம் என்ன கொடுத்தது, அவள் உலகத்துக்கு என்ன கொடுத்தாள் என்று பார்ப்பேன். குஞ்சம்மாளுக்கு வரவு: விதவைக் கோலம், கீழே இன்னும் இரண்டு பெண், கொழுந்தன் வீட்டில் ஒண்டுக் குடித்தனம். இவ்வளவு கொஞ்சமாக வரவு உள்ளவள் வேறு என்ன செலவு செய்வாள்? மூத்தவள் திரும்பி வந்து உட்கார்ந்தால் இளையவர்களை யார் கேட்டு வருவார்கள்? இதுதான் என் வாதம். நன்றாக நிற்கும் என்று நினைக்கிறேன்.

ரஞ்சனி பக்கத்தில் படுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, “இத எழுதுனவருக்கு ஒண்ணும் தெரியலம்மா” என்றாள்.

“ஏண்டி?”

“பூட்டிட்டுப் போனதும் பத்மாவதி ஜன்னல்கிட்ட நின்னு ரயிலப் பாக்குறான்னு எழுதிருக்காரு. யாரும் ஜன்னல்கிட்ட நிக்க மாட்டாங்க. வெளிய பூட்டு தொங்குது, உள்ள ஆளு நிக்குதுன்னா போறவங்க வர்றவங்க என்ன நெனப்பாங்க? ஜன்னல்லேருந்து பாத்தா தெரியாத எடமாப் பாத்துத்தான் ஒக்காருவா.”

நல்ல பாயிண்ட். டீச்சரிடம் சொல்ல வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். இந்தக் கூர்மை என் மாமனார் வழி.

மறக்காமல் நாளைக்குக் கேழ்வரகு மாவு அரைக்கக் கொடுக்க வேண்டும்.

ஜூலை 25, வெள்ளி.

அம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். முருங்கைக்கீரை ரஞ்சனிதான் உருவினாள். இந்தத் தடவை வந்ததிலிருந்து அவள் குளிக்கப் போனால் தாழ்ப்பாள் போடுவதில்லை. ஒரு துணியைக் கதவுக்கு அண்டை கொடுத்துவிட்டுக் குளிக்கிறாள். தாழ்ப்பாள் துருப்பிடித்திருக்கிறது போல. இவரிடம் சொல்லி எண்ணெய் விடச் சொல்ல வேண்டும்.

ஜூலை 26, சனி.

அந்த நாவலையே படமாகவும் எடுத்திருக்கிறார்களாம். பழைய கறுப்பு வெள்ளை. பிலோமினா சொன்னாள், ரஞ்சனி டிவியில் போட்டாள். மண்டி சீக்கிரம் முடிந்ததால் இவரும் உட்கார்ந்தார்.

நாவலில் இருக்கிற குஞ்சம்மாள் படத்தில் இல்லை. அவளைப் படம் ஆரம்பிக்கும் முன்பே சாகடித்து மாலை போட்டுவிட்டார்கள். அவளுக்குப் பதில் ஒரு காமெடித் தாய்மாமன். கடைசியில் சதாசிவத்துக்கு ரயில் விபத்தில் கால் போய், மனம் திருந்தி, பத்மாவதி காலடியில் சாவிக்கொத்தை வைக்கிறான். அவள் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். சுபம்.

“படம்னா இப்படி முடியணும். நீங்க படிக்கிற பொஸ்தகமெல்லாம் ஒரே ஒப்பாரி” என்றார் இவர்.

“அவனுக்குக் கால் போகலன்னா என்னப்பா ஆயிருக்கும்?” என்றாள் ரஞ்சனி.

“ம்?”

“கால் நல்லாருந்தா திருந்திருப்பானா?”

இவர் டிவியைப் பார்த்தபடியே, “அது படம்மா” என்றார்.

நடுவில் ஒரு காட்சி. பத்மாவதி இரண்டு கையாலும் கதவை அறைந்து அறைந்து பாடுகிறாள். கண்ணாடி வளையல் உடைந்து தெறிக்கிறது. எனக்கே கண் கலங்கியது. ரஞ்சனி சிரித்தாள்.

“சிரிக்கிற எடமாடி இது?”

“தட்ட மாட்டாம்மா. தட்டுனா பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். மறுநாள் காலையில பால் வாங்கப் போறப்ப அவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது? சத்தமே வராது. பாத்திரங்கூட மெதுவாத்தான் வைப்பா.”

போன் அடித்தது. எழுந்து கொல்லைக்குப் போய்விட்டாள். மிச்சப் படத்தை நாங்கள் இருவர் மட்டும் பார்த்தோம்.

ஜூலை 27, ஞாயிறு. ஆடி 11.

ஐந்து பேரும் வந்திருந்தோம். இன்று முதல் வாதம் சதாசிவத்துக்கு.

ரஞ்சனி கையில் காகிதம்கூட இல்லை. எழுந்து நின்று துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். அவள் பேசியதை நினைவிருக்கும் வரை அப்படியே எழுதுகிறேன்.

“நான் என்ன அவள அடிச்சனா? சோறு போடலயா? கேட்டதெல்லாம் வாங்கித் தரலயா? ஊரு கெட்டுக் கெடக்கு. புது ஊரு, பாஷ தெரியாத சனம். எவன் எப்ப கதவத் தட்டுவான்னு எனக்குத்தான தெரியும்? பூட்டுறது அவளுக்காகவா எனக்காகவா? அவளுக்காக. சாவி எம் பாக்கெட்டுல இருந்தாத்தான் எனக்கு வேலையில மனசு ஓடும். நான் நிம்மதியா வேல செஞ்சாத்தான அவ நிம்மதியா சாப்பிட முடியும்? இத அவ புரிஞ்சுக்கணும். அழுதா எனக்குக் கோவம் வராது. வருத்தந்தான் வரும். நான் வருத்தப்படுறது அவளுக்குப் புடிச்சிருக்குன்னா அழட்டும்.”

கோபமே இல்லாத குரல். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. பிலோமினா கைதட்டினாள். ஜரினா, “அடி ஆத்தி, எனக்கே அந்தாளு மேல எரக்கம் வந்துருச்சு. நீ கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டியவ” என்றாள்.

டீச்சர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “எப்படிம்மா இவ்வளவு இயல்பாப் பேசுன?” என்று கேட்டார்.

“கேட்டுக் கேட்டு வந்ததுதான் டீச்சர்.”

“எங்க கேட்ட?”

“படத்துலதான்” என்றாள்.

வரும் வழியில் பூக்காரியிடம் கதம்பம் நாலு முழம். ரஞ்சனி முன்னால் நடந்தாள். நான் பின்னால் வந்தேன்.

ஜூலை 28, திங்கள். ஆடிப்பூரம்.

அம்மனுக்கு வளையல் சாத்துப்படி. பச்சையும் சிவப்புமாக இரண்டு டஜன் கொடுத்தேன். பிரசாத வளையலை ரஞ்சனிக்குப் போட்டுவிட்டேன். கை இளைத்திருக்கிறது, வழிந்து விழுகிறது.

மத்தியானம் நாவலை முதல் பக்கத்திலிருந்து எடுத்தேன். ‘சாவி எம் பாக்கெட்டுல இருந்தாத்தான் எனக்கு வேலையில மனசு ஓடும்.’ நல்ல வரி. எந்த இடத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ள நினைத்தேன். கிடைக்கவில்லை. சதாசிவம் அதிகம் பேசுகிற ஆளே இல்லை. முறைப்பான், பூட்டுவான், போவான்.

எங்கள் பிரதியில் நடுவே நாலு தாள் கிழிந்திருக்கிறது. அங்கே இருக்கும்.

ஜூலை 30, புதன்.

பிலோமினா மாவட்ட நூலகத்திலிருந்து முழுப் பிரதி வாங்கி வைத்திருந்தாள். எங்கள் நூலகத்திலேயே உட்கார்ந்து அந்த நாலு தாளையும் படித்தேன். பத்மாவதி அப்பளம் இடுகிறாள், மழை பெய்கிறது. சாவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படத்தில் வந்திருக்கலாமே என்று, வீட்டுக்கு வந்து சதாசிவம் பேசுகிற காட்சிகளை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். அதிலும் இல்லை.

“என்னக்கா தேடுறீங்க?” என்று பிலோமினா கேட்டதற்கு, சும்மா என்று சொல்லியிருந்தேன்.

புத்தகத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது என்பது வட்டத்தின் விதி. ரஞ்சனி புதியவள். விதி தெரிந்திருக்காது.

ஆகஸ்டு 1, வெள்ளி.

மாவிளக்கு போட்டேன். என்ன வேண்டினேன் என்று எழுதப் போவதில்லை.

ஆகஸ்டு 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு.

இன்று வட்டம் கிடையாது. மாப்பிள்ளை காலையிலேயே வந்துவிட்டார். ஸ்வீட் பாக்ஸ், எனக்கு ஒரு புடவை, இவருக்கு ஒரு ஷேவிங் செட். “அத்தை, உங்க கையால காபி குடிச்சு எத்தனை நாளாச்சு” என்றார். நல்ல மாதிரியாகத்தான் பேசுகிறார். எங்கள் தெருவில் இவ்வளவு பதவிசாகப் பேசுகிற மாப்பிள்ளை இல்லை.

சித்திரான்னம் ஐந்து வகை கட்டினேன். காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் சரடு, முளைப்பாரி எல்லாம் தாம்பாளத்தில் வைத்தாயிற்று. ரஞ்சனி உள்ளே பட்டுப்புடவை கட்டிக்கொண்டிருந்தாள். இவர் டிவிஎஸ்-ஸை வெளியே தள்ளினார். நான் தாம்பாளத்தோடு வாசலில் இறங்கினேன். மாப்பிள்ளை கடைசியாக வந்து கதவைச் சாத்தினார். ஜன்னல் திட்டில் இருந்த பூட்டை எடுத்துப் போட்டார். இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “போலாமா மாமா?” என்றார்.

நாங்கள் எதிர்வீட்டைத் தாண்டியிருப்போம். இவர்தான் நின்றார். “ரஞ்சனி எங்க?”

மாப்பிள்ளை பையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். “அட, உள்ள இருக்கா. பழக்கம் மாமா. கை தானாப் போயிருச்சு.”

இவரும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் ஞாபகம்.

திரும்பி வந்து நின்றோம். உள்ளே ஒரு சத்தமில்லை. கதவைத் தட்டவில்லை, அம்மா என்று கூப்பிடவில்லை. மாப்பிள்ளை பூட்டைத் திறந்தார். ஹாலில் அவள் இல்லை. அடுப்படியில் கிரைண்டருக்கும் சுவருக்கும் நடுவில், பட்டுப்புடவையோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியாத இடம். தலையில் வைக்கக் கொடுத்த மல்லிகை கையில் இருந்தது.

“வாம்மா, நேரமாச்சு” என்றார் மாப்பிள்ளை. எழுந்து வந்தாள்.

ஆற்றில் நல்ல கூட்டம். தண்ணீர் படிக்கட்டு வரை வந்திருந்தது. சரடு மாற்றினேன். அவள் கழுத்து அசையவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் மாப்பிள்ளை ஊருக்குப் போனார். “ஆவணி ஒண்ணாந் தேதி அம்மா அப்பாவோட வந்து கூட்டிட்டுப் போறேன்” என்றார்.

இவர் ராத்திரிச் சாப்பாட்டை வேண்டாம் என்றுவிட்டார்.

ஆகஸ்டு 5, செவ்வாய்.

இன்று எழுத ஒன்றுமில்லை. பாகற்காய் வற்றல் போட்டேன்.

ஆகஸ்டு 6, புதன்.

இவர் மண்டியிலிருந்து வரும்போது புதுப் பூட்டு ஒன்று வாங்கி வந்தார். பழையது நன்றாகத்தான் இருந்தது. புதியதற்கு மூன்று சாவி. ஒன்றைத் தன் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். ஒன்றை என்னிடம் நீட்டினார். மூன்றாவதை ரஞ்சனி படித்துக்கொண்டிருந்த புத்தகத்தின்மேல் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போய்விட்டார்.

ரஞ்சனி அதைத் தாலிச் சரட்டில் இருந்த ஊக்கில் மாட்டிக்கொண்டாள்.

ஆகஸ்டு 8, வெள்ளி. வரலட்சுமி நோன்பு.

கலசம் வைத்து, முகம் வைத்து அலங்காரம் செய்தேன். கொழுக்கட்டைக்கு ரஞ்சனி தேங்காய் துருவினாள். நேராகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நாவலைப் பற்றிக் கேட்கலாம் அல்லவா? அதில் எனக்குக் கூச்சமில்லை.

“ஏண்டி, பத்மாவதி அந்தக் குவார்ட்டர்ஸுல வேற என்னென்ன பட்டிருப்பா? எழுதுனவர்தான் வெவரம் தெரியாதவருன்னியே, நீ சொல்லு.”

துருவுவதை நிறுத்தாமல் சொன்னாள். “ஒரு நாளு கேஸ் வாசம் வந்துச்சும்மா அவளுக்கு. டியூபுல எங்கயோ விட்டுருக்கு. ரெகுலேட்டர மூடிட்டா. அப்பவும் வாசம் போகல. ஜன்னலத் தெறந்து விட்டுட்டு, பாத்ரூமுல போயி ஒக்காந்துகிட்டா. அங்க ஒரு வென்டிலேட்டர் இருக்கு. சாயங்காலம் அவரு வர்ற வரைக்கும் அங்கதான்.”

“அவனுக்குச் சொல்லக் கூடாதா?”

“போன் பண்ணுனா. ‘ஜன்னலத் தெறந்தியா? அப்ப யாரு யாரு பாத்தா?’ன்னு கேட்டாரு.”

பத்மாவதி வீட்டில் கரியடுப்பு. கதை நெடுக அவள் சாம்பல் அள்ளிக் கொட்டிக்கொண்டே இருப்பாள். கேஸ் ஏது? போன் ஏது?

நான் அதைச் சொல்லவில்லை. அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. தேங்காய் மூடி ஓடு தெரியும் வரை துருவிக்கொண்டே இருந்தாள். கையிலிருந்து மெதுவாக வாங்கி வைத்தேன். பிறகு பூஜை. பூரணத்துக்கு வெல்லம் இரண்டு தடவை போட்டுவிட்டேன் போல, வந்த சுமங்கலிகள் தித்திப்புத் தாங்கவில்லை என்றார்கள்.

நோன்புச் சரடு கட்டும்போது அவள் என் தோளில் தலையை வைத்தாள்.

ஆகஸ்டு 10, ஞாயிறு. ஆடி 25.

வந்திருந்தவர்கள்: பிலோமினா, டீச்சர், ஜரினா, மேகலா, ரஞ்சனி, நான். இன்று என் முறை. குஞ்சம்மாளுக்கு வாதம்.

எழுதிக்கொண்டு போன காகிதத்தைப் பிரித்தேன். விதவை, இரண்டு பெண், கொழுந்தன் வீடு. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மடித்து வைத்துவிட்டுச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

“இந்தம்மாளுக்கு நான் வாதாட மாட்டேன்.”

“என்னக்கா இது, வட்டிக்காரனுக்கே நான் வாதாடுனேன்!” என்றாள் ஜரினா.

டீச்சர் ஒரு விரலைத் தூக்கினார். “அகிலாண்டம், உணர்ச்சிவசப்படாதீங்க. ஒரு பாத்திரத்த அது வாழ்ந்த காலத்துல வச்சுப் பாக்கணும். அறுபது வருஷத்துக்கு முன்னாடி, ஒரு விதவைத் தாய், கையில தொழில் இல்ல, சொத்து இல்ல. அவ என்ன செஞ்சிருக்க முடியும்? நாவலே அதத்தான் சொல்லுது. குத்தம் அவளோடது இல்ல, அவளச் சுத்தி இருந்த சமூகத்தோடது.”

“அவளால அனுப்பாம இருக்க முடியாதுங்கறது சரி டீச்சர். நானும் அதத்தான் எழுதிட்டு வந்தேன். ஆனா கேட்டிருக்கலாமே? ஆடி மாசம் பூரா பொண்ணு பக்கத்துல படுத்துருக்கா. அப்பளம் இடுறா, பூத்தொடுக்குறா, தல வாரிவிடுறா. ஒரு தடவகூட ‘அங்க எப்படிம்மா இருக்கு?’ன்னு இவ கேக்கல. நான் ரெண்டு பிரதியிலயும் தேடிட்டேன். கேக்கவே இல்ல. கேக்குறதுக்குச் சொத்து வேணுமா? தொழில் வேணுமா? கேட்டா பதில் வந்துருமேன்னுதான் கேக்கல. அதச் சமூகம் தலையில போட எனக்கு மனசு வரல.”

மேகலா ஒன்றும் புரியாமல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். டீச்சர் ரஞ்சனியைப் பார்த்தார். ரஞ்சனி சரட்டில் இருந்த சாவியை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் டீச்சர் எழுந்து வந்து அந்தச் சீட்டை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். “இந்த மாசம் குஞ்சம்மாளுக்கு வக்கீல் கெடயாது” என்றார்.

ஜரினா எங்களோடு தெருமுனை வரை வந்தாள். “ரஞ்சனி, கடையில ரெண்டு மிஷின் சும்மா கெடக்கு. உனக்குத்தான் தையல் தெரியுமே, வந்து ஒக்காரு. சும்மா வர வேணாம், துட்டு குடுப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டு வாசலில் ரஞ்சனியை நிறுத்திக் கேட்டேன். நாவல், பத்மாவதி எதுவும் இல்லாமல் கேட்டேன். “அங்க எப்படிம்மா இருக்கு?”

சொன்னாள். அதை இங்கே எழுதவில்லை. அது அவளுடையது.

ஆகஸ்டு 11, திங்கள்.

இவரிடம் சொன்னேன். மண்டிக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

“மொத வருஷம் எல்லாருக்கும் ஒரு மாதிரிதான் இருக்கும். ஆவணி ஒண்ணாந் தேதி வர்றாங்கல்ல, மாப்பிள்ளைகிட்ட நான் பக்குவமாப் பேசறேன்.”

“என்னன்னு பேசுவீங்க?”

“பூட்டாதீங்க மாப்பிள்ளன்னு சொல்றேன்.”

“சரிங்கம்பாரு. அப்புறம் ஓசூருல அவரு பூட்டுறாரா இல்லையான்னு இங்கேருந்து எப்படிப் பாப்பீங்க?”

“ஊருல என்ன சொல்லுவாங்கன்னு யோசிச்சியாடி? மண்டியில நாலு பேரு நாலு விதமாப் பேசுவான். ஆடிக்கு வந்தவ அப்படியே ஒக்காந்துட்டாளாம்பான்.”

“பேசட்டும்.”

“ஆமா, உனக்கென்ன, லைப்ரரியில கத பேசிட்டு வந்துருவ.”

அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. உள்ளே ரஞ்சனிக்குக் கேட்கும் என்று தெரியும். கேட்கட்டும் என்றுதான் தணிக்கவும் இல்லை.

“நீங்க புதுசா வாங்கிக் குடுத்த சாவிய அவ தாலிச் சரட்டுல மாட்டி வச்சிருக்கா. குளிக்கிறப்பக்கூடக் கழட்டுறதில்ல. ஆவணி ஒண்ணாந் தேதி நீங்களே கையால கழட்டி வாங்கிட்டு அனுப்பி வைங்க. நான் குறுக்க வரல.”

கடைசிப் பொத்தானைப் போடாமலே நின்றார். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். டிவிஎஸ்மேல் கையை வைத்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார்.

திரும்பி உள்ளே வந்தார். அடுப்படியில் கிரைண்டர் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எங்கண்ணு முன்னாடியே பூட்டுனான். எம் பொண்ண, எம் வீட்டுக்குள்ள வச்சு. நானும் சிரிச்சேன்.” கடைசிப் பொத்தானைப் போட்டார். “போன்ல பேசுனா வார்த்தைய மாத்திருவான். எழுதிப் போடு. உங் கையெழுத்துதான் நல்லாருக்கும். எம் பேரையும் சேத்துப் போடு.”

ஆகஸ்டு 12, செவ்வாய்.

கடிதம் எழுதினேன். மாப்பிள்ளைக்கு எழுதவில்லை, அவர் அம்மாவுக்கு எழுதினேன். ரஞ்சனியிடம் படித்துக் காட்டினேன். “அனுப்பட்டுமா?” என்றேன். “அனுப்பும்மா. ஆனா சாவியப் பத்தி மொதல்ல கேளு” என்றாள். மாற்றி எழுதினேன். மத்தியானம் ரிஜிஸ்டர் தபாலில் போட வேண்டும். நகல் கீழே.

சம்பந்தி அம்மா தவமணி அவர்களுக்கு,

அம்மன் அருளால் இங்கே நாங்கள் நலம். அதுபோல் உங்கள் நலமும் வேண்டுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் மகன் நவநீதன் குடியிருக்கும் வீட்டுச் சாவி ஒன்று எங்கள் சிவரஞ்சனி கையில் எப்போதாவது இருந்ததா? சித்திரையில் நீங்கள் பத்து நாள் அங்கே தங்கியிருந்தீர்கள். அவர் வேலைக்குப் போகும்போது உங்களையும் உள்ளே வைத்துப் பூட்டினாரா? அல்லது நீங்கள் இருந்த நாளில் மட்டும் பூட்டு இல்லாமல் இருந்ததா?

ஆவணி முதல் தேதி ரஞ்சனியை அனுப்புவதாகப் பேசியிருந்தோம். அனுப்பவில்லை. இது நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து எடுத்த முடிவு. நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் தாராளமாக வாருங்கள். சாப்பாடு தயாராக இருக்கும், பேசலாம். மாப்பிள்ளையை இப்போது கூட்டி வர வேண்டாம். அவளுடைய படிப்புச் சர்டிபிகேட்டுகளும் தையல் பெட்டியும் அங்கே பீரோவின் மேல்தட்டில் இருக்கின்றன. வரும்போது எடுத்து வாருங்கள்.

நானும் ஒரு மாதம் கேட்காமல்தான் இருந்தேன். அதனால் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பூட்டியது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். ஒரு வரி எழுதினால் போதும். தயவு செய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
அகிலாண்டம்
மருதமுத்து